பேய் நாடகத்தில் ஜனங்கள் சிரித்தால் அது தோல்வியா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இளைஞர்கள் கோயில் திருவிழாவுக்குப் பேய்க்கதை ஒன்றை நாடகமாகப் போட்டிருக்கிறார்கள். நிலத்துக்காகக் கணவனும் மாமனாரும் சேர்ந்து கிணற்றில் தள்ளிய பெண், ஆவியாக வந்து பழிவாங்கும் கதை. முதல் தடவை பேய் மேடைக்கு வந்ததும் பிள்ளைகள் அலறினார்கள், அடுத்த நொடியே கூட்டம் முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். ஆவி தன் சாவைச் சொன்ன காட்சியில் பெண்கள் அழுதார்கள். கடைசிக் காட்சியில் ஓர் அம்மாவுக்கு அருள் வந்துவிட, நாடகம் அதோடு நின்றுபோனது. மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் "கோயில் வாசலில் பேய் நாடகம் போடலாமா" என்று கோபித்துக்கொண்டார்கள். "பயமுறுத்தத்தான் போட்டோம். ஆனால் பயம் தவிர மற்ற எல்லாம் நடந்தது. எங்கே தப்பு?" என்று கேட்கிறார்கள்.

தம்பிகளா, உங்கள் நாடகம் தோற்கவில்லை. ஒரே இரவில் அலறல், சிரிப்பு, அழுகை, அருள் நான்கையும் ஒரு கூட்டத்திடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். நம் பக்கத்து ஜனங்கள் பேய்க்கதையைப் பார்ப்பதே இப்படித்தான். எந்த இடத்தில் எது வந்தது, ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை அதை நீங்களே நடத்தலாம்.

சிரிப்பிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு அதுதான் அதிகம் வலித்திருக்கிறது. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் நம் உடம்பு நம்மைக் கேட்காமலே வேலை செய்யும். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூடிக்கொள்ளும், தோள் தூக்கும், கழுத்து உள்ளே போகும். இருட்டில் இந்தத் திடுக்கிடல் இன்னும் கூடும் என்று சோதனைகளிலும் கண்டிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் மூளை நிதானமாகப் பார்த்து, வந்தது பக்கத்துத் தெருப் பையன், கட்டியிருப்பது வெள்ளைப் புடவை என்று சொல்கிறது. இறுகிய உடம்பு சட்டென்று தளரும்போது சிரிப்பு வருகிறது. கூட்டமாக இருந்தால் அது பலமாக வரும். தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கையில் மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். ஆக, அலறலுக்கு அடுத்த நொடி வந்த சிரிப்பு உங்களுக்குச் சாதகமானது. பயந்தவன்தான் அப்படிச் சிரிப்பான்.

கவலைப்பட வேண்டிய சிரிப்பு வேறு ஒன்று இருக்கிறது. பேய் வருவதற்கு முன்பே, சலங்கைச் சத்தம் கேட்டவுடனே வருகிற சிரிப்பு. அது வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, ஜல் ஜல் சத்தம், புகை எல்லாம் சினிமாவில் தேய்ந்துபோனவை. கைப்பேசியில் கேலிக் காட்சிகளாகவே அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் புடவையைக் கண்டதும் சிரிக்கத்தான் தோன்றும். அதற்கு அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. உங்கள் கதையில் கிணறு இருக்கிறது, மோட்டார் கொட்டகை இருக்கிறது, மாந்தோப்பு இருக்கிறது. இருட்டில் தாம்புக்கயிறு தானாக ஓடுகிற சத்தம் ஒன்று போதும். கிணற்றடியில் வளர்ந்த எவருக்கும் அடிவயிறு கலங்கும்.

இன்னொன்று, திடுக்கிட வைப்பது ஒரு நாடகத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் செல்லாது. மூன்றாவது தடவை உடம்பு பழகிவிடும், காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். ஆறு இடத்தில் டமார் என்று ஸ்பீக்கரை அலறவிட்டால் ஆறாவது இடத்தில் விசில்தான் வரும். விசிலடித்த பையன்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இருபது வயதுப் பையன் கூட்டாளிகள் பக்கத்தில் நிற்கும்போது பயத்தைக் காட்டமாட்டான். பிற்பாடு தனியாக வண்டியில் வீட்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்திருப்பான்.

இப்போது அழுகைக்கு வருகிறேன். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். உங்கள் நாடகத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருந்தது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

நம் ஊரில் பேய் என்றால் குறையோடு செத்தவர். ஆயுள் முடியாமல், ஆசை தீராமல், நியாயம் கிடைக்காமல் போனவர். ஆகவே மேடையில் ஆவி வந்தவுடன் பார்க்கிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், மனதுக்குள் கேட்பது "இவளுக்கு என்ன குறை?" என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்கும்வரைதான் பயம் இருக்கும். கிடைத்துவிட்டால் அவர்கள் பேயின் பக்கம் போய்விடுவார்கள். பிறகு பயப்பட வேண்டியவன் கொன்றவன்தான். உங்கள் நாடகத்தில் நடந்தது அதுவே. அவள் கிணற்றடியில் நின்று தன் கதையைச் சொன்னதும், முன்வரிசை அம்மாக்களுக்கு அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணாகிவிட்டாள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி சீமைக்கு இது இன்னும் பொருந்தும். சண்டையில் செத்தவனுக்கு, ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட மண் இது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். அரூர்ப் பக்கமும் கிருஷ்ணகிரிப் பக்கமும் அப்படிப்பட்ட கற்களை வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். அகாலமாய்ச் செத்தவர் இங்கே பேயாகவும் ஆகலாம், சாமியாகவும் ஆகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நம் ஜனங்கள் பெரிய வேலி எதுவும் போட்டு வைக்கவில்லை. பேய் நாடகம் போடுகிறவர் இதை மறந்தால் கூட்டம் ஏன் திடீரென்று கும்பிடுகிறது, ஏன் அழுகிறது என்று புரியாது.

பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பேய்க்கதைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கதை மிகப் பழசு, ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு இருக்கிறது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, அடுத்த பிறவியிலும் அவனைத் தொடர்கிறாள். மனைவி போல உருவம் எடுத்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர்கள் எழுபது பேரிடம் வந்து "என் புருஷன் என்னைக் கைவிடப் பார்க்கிறான்" என்று முறையிடுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. அவன் கையில் பேயை அண்டவிடாத கத்தி இருக்கிறது. ஊரார் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரும் உனக்கு ஈடு" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். காலையில் அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையில் திடுக்கிட வைக்கும் சத்தம் எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. அவள் பேய் என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும், அந்த எழுபது பேருக்குத்தான் தெரியாது. கத்தியை வாங்கும் இடத்தில் நெஞ்சு பதைப்பது அதனால்தான். அதோடு, அவள் முற்பிறவியில் கொலையுண்டவள் என்பதும் நமக்குத் தெரியும். அவளை வெறுக்கவும் முடியாமல், அவனைக் காப்பாற்று என்று முழுமனதோடு சொல்லவும் முடியாமல் தவிக்கிறோம். பயமும் இரக்கமும் ஒரே நேரத்தில் வருகிற அந்தத் தவிப்பைத்தான் நீங்கள் தேட வேண்டும். உங்கள் நாடகத்தில் ஆவியின் கதையைக் கடைசியில் வைத்ததால் முதல் பாதியில் வெறும் திடுக்கிடலும் சிரிப்பும், பின்பாதியில் வெறும் அழுகையும் என்று இரண்டும் தனித்தனியாகப் போய்விட்டன. கிணற்றுச் சாவின் ஒரு துணுக்கையாவது முதல் காட்சியிலேயே காட்டுங்கள். அப்புறம் மாமனார் ராத்திரி அந்தக் கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலே போதும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இதே சங்கதிதான். 'தி வுமன் இன் பிளாக்' என்ற ஆங்கிலப் பேய் நாடகம் 1987-ல் ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில், கிறிஸ்துமஸ் சமயத்துக்கென்று குறைந்த செலவில் தொடங்கியது. 1989-ல் லண்டனுக்குப் போய் 2023 மார்ச் வரை ஓடியது, 13,000 காட்சிகளுக்கு மேல். கதையை நடத்துபவர்கள் இரண்டே ஆண் நடிகர்கள், மேடையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பூட்டிய கதவு, தானாக ஆடும் நாற்காலி, சதுப்பு நிலத்தில் மூழ்கும் குதிரை வண்டியின் சத்தம், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து அலறி, சிரித்து, மறுபடி அலறிவிட்டுப் போவார்கள். அங்கேயும் பேய்க்கு ஒரு குறை உண்டு. தன் பிள்ளை கண்ணெதிரே அந்தச் சேற்றில் போனதைப் பார்த்த தாய் அவள். அலறல் அடங்கிய பிறகு மனதில் நிற்பது அந்தத் தாய்தான்.

மாறாக, வித்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் லண்டனிலேயே பழைய உதாரணம் உண்டு. 1862-ல் பெப்பர் என்பவர் ராயல் பாலிடெக்னிக்கில் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடியைக் கொண்டு மேடையில் ஆவியை வரவழைத்தார். பார்வையாளருக்குத் தெரியாத பள்ளத்தில் ஒரு நடிகர் பலமான வெளிச்சத்தில் நிற்பார், அவருடைய பிம்பம் கண்ணாடியில் விழுந்து மேடையில் நிற்பது போலத் தெரியும், வெளிச்சத்தைக் குறைத்தால் ஆவி மறைந்துவிடும். ஊரே திரண்டு வந்தது. ஆனால் வியப்பதற்கு வந்தவர்கள் 'எப்படிச் செய்தான்' என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த யோசனை ஓடும் தலைக்குள் பயம் நுழையாது. உங்கள் குழுவில் யாரோ புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார், வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல மைக் இரண்டு எடுங்கள். கிணற்றடிக் காட்சியில் அவள் பேசியது பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருந்தால் விசில் பாதி குறைந்திருக்கும்.

அந்த அம்மாவுக்கு அருள் வந்தது பற்றி. நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. கடைசிக் காட்சிக்குப் 'பயங்கரமாக இருக்கட்டும்' என்று பம்பையும் உடுக்கையும் அடிக்க வைத்தோம் என்கிறீர்கள். பம்பை உடுக்கை நம் பக்கம் சாமியை அழைக்கிற வாத்தியம். அங்காளம்மன் கோயிலிலும் மாரியம்மன் பண்டிகையிலும் அந்த அடிக்குத்தான் காலங்காலமாக அருள் வந்திருக்கிறது. கோயில் வாசல், திருவிழா இரவு, விரதம் இருந்த பெண்கள், அதில் வேகமேறிய பம்பை, எதிரே அநியாயமாய்ச் செத்த ஒரு பெண்ணின் கோலம். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்கள் ஊரிலேயே மாசி அமாவாசையில் அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது, பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்களை முறத்தால் அடிக்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் உங்கள் பார்வையாளர்கள். அடுத்த முறை கடைசிக் காட்சிக்கு வாத்தியமே வேண்டாம், வேண்டுமென்றால் ஆர்மோனியத்தில் ஒரே சுருதியைப் பிடித்து நிறுத்துங்கள்.

மறுபடியும் யாருக்காவது அப்படி வந்தால், அது நடிப்பா நிஜமா என்று விவாதிக்கிற நேரம் அது இல்லை. வாத்தியத்தை நிறுத்துங்கள், எல்லா விளக்கையும் போடுங்கள். அவர் வீட்டுப் பெண்களே அவரைப் பிடிக்கட்டும், ஆண்கள் போய்க் கையை முறுக்க வேண்டாம். திருநீறு வைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தணியும். கைப்பேசியில் படம் பிடிப்பவரைத் தயவு தாட்சணியம் இல்லாமல் தடுத்துவிடுங்கள். அந்த அம்மா நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். கைகால் வெட்டி இழுத்து நினைவு தப்பினால் அது வலிப்பாக இருக்கலாம். அப்போது கையில் சாவி திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

பெரியவர்களின் கோபத்தை நீங்கள் பழமைவாதம் என்று தள்ளிவிட்டீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர்கள் பாரதக் கூத்து பார்த்துப் பழகியவர்கள். அரவான் களப்பலியையும் துரியோதனன் படுகளத்தையும் அதே கோயில் வாசலில் பார்த்தவர்கள் சாவுக் காட்சிக்கு முகம் சுளிக்கிற ஆட்கள் இல்லை. கூத்தில் அந்தப் பயங்கரத்துக்கு ஒரு வரம்பு கட்டியிருக்கும். துகிலுரியும் காட்சி வரும்போது துச்சாதனன் வேடக்காரர் புடவையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அப்புறம்தான் கைவைப்பார். இடையிடையே கட்டியங்காரன் வந்து நாலு பேச்சு பேசிக் கூட்டத்தை லேசாக்குவார். இறுக்கமான காட்சிக்கு முன் எவ்வளவு சிரிக்க வேண்டுமோ அவ்வளவையும் அவரே சிரிக்க வைத்துத் தீர்த்துவிடுவதால், அடுத்து வரும் மௌனத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். உங்கள் நாடகத்தில் கட்டியங்காரன் இல்லை, கற்பூரமும் இல்லை. பெரியவர்களுக்கு உறுத்தியது அந்த வரம்பு இல்லாததுதான் என்று நினைக்கிறேன். தொடங்கும் முன் அம்மனுக்கு ஒரு சூடம் காட்டி, முடிந்ததும் பேய் வேடம் கட்டியவர் முடியை அள்ளி முடிந்து, மேக்கப்பைத் துடைத்துக்கொண்டு சபைக்குக் கும்பிடு போடட்டும். பிள்ளைகளுக்கும் அது நல்லது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை ராத்திரி கொஞ்சம் தூங்கும்.

வேடத்தின் வேகம் பார்க்கிறவரை என்ன செய்யும் என்பதற்கு நாடக உலகில் வழிவழியாகச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எமன், சனீஸ்வரன் போன்ற உக்கிர வேடங்களில் பேர் வாங்கியவர். அவருடைய கோலத்தைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அந்த வேதனையில்தான் அவர் வேடம் கட்டுவதை விட்டு நாடகம் எழுதுவதற்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் போனார் என்றும் சொல்வார்கள். நாடகம் தொடங்கும் முன் மைக்கில் இரண்டே வாக்கியம் சொல்லிவிடுங்கள்: "இது பயமுறுத்தும் நாடகம். நிறைமாதப் பெண்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் முன்னால் உட்கார வேண்டாம்." இதைச் சொல்வதால் ஆர்வம் குறையாது, கூடத்தான் செய்யும்.

கடைசியாக, நீங்கள் அடுத்த நாடகத்துக்கு யோசித்து வைத்திருக்கும் கதை. தொப்பூர் கணவாயில் லாரி விபத்தில் செத்தவர்கள் ஆவியாக வருவது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கைவிடச் சொல்கிறேன். அந்தச் சாலையில் உண்மையிலேயே எத்தனையோ குடும்பங்கள் ஆளை இழந்திருக்கின்றன. தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஊரில் போட்டாலும் அப்படி ஒரு வீட்டுக்காரர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அவருக்கு அது பேய்க்கதை இல்லை, அவருடைய அண்ணன், அவருடைய மகன். அவர் எழுந்து அழுதால் மேடையிலிருந்து என்ன வசனம் பேசுவீர்கள்? இடத்தை மாற்றுங்கள், பெயர் இல்லாத ஒரு மலைப்பாதையாக்குங்கள், காலத்தை மாட்டுவண்டிக் காலத்துக்குத் தள்ளுங்கள்.

கிணற்றுக் கதையையே திருத்தி மறுபடி போடுவது இன்னும் நல்லது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் ஏழரைக்காவது தொடங்க வேண்டும், அதனால் முழு இருட்டு வேண்டிய காட்சிகளை ஒன்பதுக்கு மேல் வருகிற மாதிரி அடுக்குங்கள். மாசியில் போடுவதானால் மயானக் கொள்ளைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஒத்திகையை ஒருமுறை பகலில், வேடம் இல்லாமல், ஊர்ப் பெண்கள் சிலரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். கிணற்றடியில் அவள் சொல்லும் வசனத்தை இப்போது ஒரு ஆண்பிள்ளை எழுதியிருக்கிறார், படித்தாலே தெரிகிறது. அவள் முதலில் கணவனைச் சபிப்பாளா, வீட்டில் விட்டு வந்த பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பாளா என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.